மண்ணே கத்தும்போது தங்கத்தைக் கேட்பது எப்படி: கனிம மண்ணில் மெட்டல் டிடெக்டர், முழுமையான வழிகாட்டி

புது மெட்டல் டிடெக்டர் வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். மோதிரத்தைக் கழற்றி காயிலுக்கு (கருவியின் முனையில் உள்ள தட்டு போன்ற தேடும் சுருள்) முன்னால் ஆட்டிப் பார்ப்பார்கள். ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலும் சத்தம் வரும், மனசு குளிர்ந்துவிடும். அதே கருவியை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், டனோலி பக்கத்துச் செம்மண்மேல் கொண்டுபோய் வைத்தால் கீழே உலோகம் எதுவும் இல்லாமலே அலறத் தொடங்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுகூடத் தோன்றும். கருவி சரியாகத்தான் இருக்கிறது. மண்ணில் இருக்கிற இரும்புக் கனிமங்களை அது கேட்கிறது, அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டியை விக்டோரியாவின் 'கோல்டன் ட்ரையாங்கிள்' பகுதியை வைத்தே எழுதுகிறேன். அவோகா, காசில்மெய்ன், வெடர்பர்ன் ஊர்களுக்கு இடைப்பட்ட நிலம் அது. 1850களின் தங்க வேட்டையில் கிளறப்பட்ட பூமி. 1869-ல் 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' என்ற மாபெரும் தங்கக்கட்டி மோலியாகுலில், மரத்தின் வேரடியில், தரைக்குச் சில செ.மீ. கீழேதான் கிடந்தது. 1980-ல் கிங்கோவரில் 27 கிலோ எடையுள்ள 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' கட்டியை கெவின் ஹில்லியர் என்பவர் எடுத்தது காரெட் நிறுவனத்தின் டிடெக்டரால். இப்படித் தங்கமும் தொல்லை பிடித்த மண்ணும் சேர்ந்தே இருக்கிற இடத்தில் கற்றுக்கொண்டால் வேறு எந்த மண்ணிலும் சமாளித்துவிடலாம்.

கிளம்புவதற்கு முன் ஒரு வார்த்தை. விக்டோரியாவில் தேடுவதற்கு 'மைனர்ஸ் ரைட்' என்ற அனுமதி வேண்டும். வாங்கினால் 10 ஆண்டு செல்லும். எல்லாக் காட்டிலும் தேட முடியாது, தனியார் நிலமென்றால் உரிமையாளர் சம்மதம் வேண்டும், தோண்டிய குழியை மூட வேண்டும். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களின் பக்கமே டிடெக்டரோடு போகாதீர்கள்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது

காயில் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அந்த ஓட்டம் தானும் ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கும். அதைக் காயில் பிடிக்கும். பாடப்புத்தகக் கதை இதோடு முடிந்துவிடுகிறது. களத்தில் இரண்டு சங்கதிகள் சேர்ந்துகொள்கின்றன.

முதலாவது தூரம். காயிலின் அளவைத் தாண்டிய ஆழத்துக்குப் போகப் போக, போகிற புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. திரும்பி வருவதும் அப்படியே குறைகிறது. இரண்டையும் சேர்த்தால் ஆழம் இரட்டிப்பானால் சிக்னல் 64-ல் ஒரு பங்காகிவிடும். ஆழத்தில் இருக்கும் பொருளின் குரல் அவ்வளவு மெலிந்துதான் வந்து சேருகிறது.

இரண்டாவது, அந்தப் பொருளுக்கும் காயிலுக்கும் நடுவில் உள்ள மண். காயிலுக்கு மிக அருகில், அதுவும் மொத்தமாகப் பரவிக் கிடக்கிறது. அதில் இரும்புக் கனிமம் இருந்தால் அதன் சிக்னல் தங்கத்தின் சிக்னலைவிடப் பல நூறு மடங்கு பெரிதாக இருக்கலாம். கல்யாண வீட்டில் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் காதோடு ரகசியம் சொன்னால் எப்படிக் கேட்கும்? தங்கத்தின் நிலைமை அதுதான்.

எல்லா இரும்புக் கனிமமும் ஒரே மாதிரி தொல்லை தருவதில்லை. கருப்பு மணலில் மின்னும் மேக்னடைட் காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படும். ஆனால் காயிலின் புலம் மாறிய உடனே அதுவும் மாறிவிடும், தாமதம் கிடையாது. மேக்கமைட் என்ற இன்னொன்று இருக்கிறது. செம்மண்ணில், சரளையில், மேல்மண்ணில் மிக நுண்ணிய துகள்களாகக் கலந்திருப்பது. அதன் துகள்களில் பல, புலம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காந்தத்தன்மையை வைத்துக்கொண்டு மெதுவாக விடுகின்றன. உலோகத்தில் எழுந்த சுழல் ஓட்டமும் அப்படித்தான் மெதுவாக அடங்கும். அதனால் கருவிக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தங்க வயல்களில் பலரைப் பைத்தியமாக்குவது இந்த மேக்கமைட்தான்.

மூன்றாவது ஆள் உப்பு. இது காந்தத்தால் தொல்லை தருவதில்லை. ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் தானே ஒரு மெல்லிய உலோகத் தகடுபோல நடந்துகொள்ளும். மேற்கு ஆஸ்திரேலியாவின் உப்பு ஏரிகளிலும் எந்தக் கடற்கரையிலும் இதைப் பார்க்கலாம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். மண் எவ்வளவு கடுமை என்பதைவிட, அது எவ்வளவு சீராக இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரே சீராகக் கடுமையாக இருக்கும் மண்ணைக் கருவி ஓரளவு கழித்துவிடும். அடிக்கு அடி மாறுகிற மிதமான மண்ணில்தான் அது தடுமாறும். இனி வரும் படிகள் பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிப்பதற்குத்தான்.

எந்தக் கருவி எதைத் தாங்கும்

வி.எல்.எஃப் வகைக் கருவி தொடர்ச்சியாக அலை அனுப்பி, திரும்பி வரும் அலையின் கட்டத்தை, அதாவது எவ்வளவு தாமதத்தோடு வருகிறது என்பதை, அளக்கிறது. விலை குறைவு, எடை குறைவு, இரும்பையும் மற்றதையும் பிரித்துச் சொல்லும். தங்கத்துக்கென்றே செய்தவை உயர் அதிர்வெண்ணில் ஓடும். மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 45 கிலோஹெர்ட்ஸ், ஃபிஷர் கோல்ட் பக் 2 71 கிலோஹெர்ட்ஸ். நெல்மணியைவிடச் சின்னத் தங்கத்தைக்கூட எடுத்துக் கொடுக்கும். ஆனால் கடும் மண்ணில் ஆழம் சட்டென்று சுருங்கிவிடும்.

பல்ஸ் இண்டக்‌ஷன், சுருக்கமாக பி.ஐ., வேறு வழியில் போகிறது. ஒரு துடிப்பை அனுப்பி நிறுத்திவிட்டு, சில மைக்ரோ விநாடி கழித்துக் காது கொடுக்கும். மேக்னடைட் அதற்குள் அடங்கிவிட்டிருக்கும். மேக்கமைட் மட்டும் பாக்கி. அதையும் கழிக்கும் வழியோடு மைன்லேப் 1995-ல் எஸ்.டி.2000 கருவியைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் புரூஸ் கேண்டி. பலர் தேடி முடித்துக் கைவிட்ட இடங்களிலிருந்து மறுபடியும் தங்கம் வரத் தொடங்கியது. அதன் வழியில் வந்தவைதான் ஜி.பி.எக்ஸ் வரிசையும், 2015-ல் வந்த ஜி.பி.இசட் 7000-ம்.

கையில் இருப்பது வி.எல்.எஃப் என்றால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். ஆழமில்லாத இடங்களில், பாறை தெரியும் ஓடைப் படுகைகளில், பழைய குழிகளின் சுவரில் அது நன்றாகவே வேலை செய்யும்.

படி 1: கருவியைப் போடுமுன் மண்ணைப் பாருங்கள்

காரைவிட்டு இறங்கியதும் டிடெக்டரை ஆன் செய்துவிடும் பழக்கத்தை விடுங்கள். ஒரு வலுவான காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு மண்ணில் நாலு இழுப்பு இழுங்கள். பையில் கருப்புத் துகள் ரோமம்போலப் படிந்தால் மேக்னடைட் இருக்கிறது. செம்பழுப்புப் பொடியும் சின்ன உருண்டைகளும் ஒட்டினால் மேக்கமைட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். விக்டோரியாவில் 'பக்‌ஷாட்' என்று சொல்லும் இரும்புச் சரளை, மிளகு அளவு உருண்டைகளாக மழைநீர் ஓடிய தடத்தில் குவிந்திருக்கும். காந்தத்தைக் காட்டினால் துள்ளி வந்து ஒட்டும். அந்தத் தடத்தில் கருவி கத்தும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

அப்புறம் நிறம். வெளிறிய களிமண்ணும் குவார்ட்ஸ் சரளையும் பொதுவாகச் சாது. அடர் சிவப்பும் சாக்லேட் நிறமும் சந்தேகத்துக்குரியவை. நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. சிவப்புக்குக் காரணமான ஹெமடைட் காந்தத்தன்மையில் பலவீனமானது. பார்ப்பதற்கு ரத்தச் சிவப்பாக இருந்தும் கருவி வாய் திறக்காத மண்ணும் உண்டு.

பழைய சுரங்கப் பகுதிகளில் மண் அதன் இடத்தில் இல்லை. 150 ஆண்டுக்கு முன் ஆழத்திலிருந்து அள்ளிக் கொட்டிய வெள்ளைக் களிமண் மேலே கிடக்கும். மேல்மண் அடியில் போயிருக்கும். ஒரு குவியலில் இருந்து அடுத்ததற்குக் காயிலை நகர்த்தினாலே கருவி துள்ளும்.

நெருப்பு எரிந்த இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டை எரிந்த சூட்டில், மக்கிய இலைதழை கலந்த மண்ணின் சாதாரண இரும்புக் கனிமம் மேக்கமைட்டாகவும் மேக்னடைட்டாகவும் மாறிவிடும். தொல்லியலாளர்கள் காந்தமானியால் பழைய அடுப்புகளைக் கண்டுபிடிப்பதும் இதே காரணத்தால்தான். தங்கம் தோண்ட வந்தவர்கள் சமைத்த இடமும் காட்டுத்தீயில் ஒரு மரம் அடியோடு எரிந்துபோன குழியும் அருமையான சிக்னலைக் கொடுத்து ஆசை காட்டும். தோண்டினால் கரியும் சிவந்த மண்கட்டியும் வரும்.

படி 2: மண்ணின் கடுமையை உயரத்தால் அளந்துகொள்ளுங்கள்

கண்ணிவெடி அகற்றுபவர்களிடமிருந்து கடன் வாங்க வேண்டிய முறை ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு மண் தொல்லை என்பது பொழுதுபோக்குப் பிரச்சினை இல்லை. குறைந்த உலோகம் உள்ள வெடி ஒன்றைத் தவறவிட்டால் உயிர் போய்விடும். அவர்கள் ஷீபெல் நிறுவனத்தின் ஏ.என்.-19 என்ற டிடெக்டரைக் குறிப்பிட்ட அளவில் அமைத்துக்கொண்டு, வெறும் மண்ணை நோக்கி மெல்ல இறக்குவார்கள். எந்த உயரத்தில் முதல் சத்தம் வருகிறதோ அதுதான் அந்த மண்ணின் கணக்கு. உயரம் கூடக் கூட மண் கடுமை.

உங்கள் கருவியிலும் இதைச் செய்யலாம். கிரவுண்ட் பேலன்ஸை (மண்ணின் சிக்னலைக் கழிக்கும் அமைப்பு, படி 4-ல் விவரம்) தானியங்கியில் விடாமல் எப்போதும் ஒரே எண்ணில் வையுங்கள், சென்சிட்டிவிட்டியும் (கருவியின் உணர்திறன்) ஒரே எண்ணில். இடுப்பு உயரத்தில் இருந்து காயிலை இறக்கி, சத்தம் எழும் உயரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். புது இடம் போகும்போதெல்லாம் செய்தால் உங்கள் மண் வரைபடம் உங்களிடமே இருக்கும். ஒரே இடத்தில் பத்து அடிக்குள் மூன்று நான்கு முறை அளந்து பாருங்கள். அளவுகள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தால் நிம்மதி. 5 செ.மீ., 20, 8 என்று தாறுமாறாக வந்தால் அன்றைக்குப் பொறுமை நிறைய வேண்டும்.

படி 3: மண்ணா, மின் இரைச்சலா?

கருவி கத்துகிறது என்றதும் மண்மேல் பழி போடாதீர்கள். காயிலைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கி அசையாமல் பிடியுங்கள். அப்போதும் சலசலத்தால் அது மின்கம்பியோ, மின்வேலியோ, தூரத்து இடியோ, பக்கத்தில் இன்னொருவர் ஓட்டும் டிடெக்டரோ. கருவியில் உள்ள நாய்ஸ் கேன்சல் (இரைச்சல் நீக்கும்) வசதியால் சேனலை மாற்றுங்கள். பையில் உள்ள செல்ஃபோனைக் காரில் வைத்துவிட்டு வாருங்கள். அசையாதபோது அமைதியாக இருந்து, ஆட்டும்போது மட்டும் சத்தம் வந்தால் அது மண்.

படி 4: கிரவுண்ட் பேலன்ஸ்

மொத்த வேலையில் பாதி இதுதான். கருவியிடம் "இந்த மண்ணின் குரல் இப்படித்தான் இருக்கும், இதைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்" என்று சொல்லிக் கொடுக்கிறோம்.

முதலில் உலோகம் இல்லாத ஒரு திட்டைத் தேடுங்கள். காயிலை மெதுவாக நாலாபுறமும் ஆட்டி, தனியாக எந்தச் சத்தமும் துருத்தவில்லை என்று உறுதி செய்யுங்கள். மண்ணுக்குள் கிடக்கும் ஆணிக்கு மேல் பேலன்ஸ் செய்தால் அந்த நாள் முழுக்கத் தப்பான கணக்கோடு நடப்பீர்கள். பிறகு கிரவுண்ட் பேலன்ஸ் பட்டனை அழுத்தியபடி காயிலைத் தரைக்கு இணையாக 15–20 செ.மீ. உயரத்துக்கும் 2–3 செ.மீ. உயரத்துக்கும் இடையே மேலும் கீழும் அசையுங்கள். சத்தம் ஏறி இறங்காமல் சமமாகும்வரை விடாதீர்கள்.

எண் காட்டும் கருவியாக இருந்தால் அந்த எண்ணே மண்ணைப் பற்றிச் சொல்லும். ஃபிஷர் எஃப்75-ஐ எடுத்துக்கொண்டால் 75-லிருந்து 95 வரை மேக்னடைட் போன்ற கருங்கனிமம், 40-லிருந்து 75 வரை சிவப்பு, மஞ்சள், பழுப்புக் களிமண், 10-க்குக் கீழே ஈர உப்பு. 20-ஐ ஒட்டி வந்தால் பெரும்பாலும் உங்கள் காயிலுக்குக் கீழே ஏதோ உலோகம் கிடக்கிறது. இடத்தை மாற்றிச் செய்யுங்கள். மற்ற கருவிகளில் எண்கள் வேறாக இருக்கும். உங்கள் கையேட்டைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை தடவை செய்வது? சீரான மண்ணில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். நிறம் மாறும் ஒவ்வொரு இடத்திலும், நிழலில் இருந்து வெயிலுக்கு வரும்போதும், கடும் வெயிலில் கருவி சூடேறிய பிறகும் மறுபடியும் செய்யுங்கள். தானாகவே மண்ணைத் தொடரும் டிராக்கிங் வசதி திட்டுத்திட்டான நிலத்தில் நல்ல துணை. ஆனால் ஒரு மெல்லிய சிக்னல்மேல் காயிலைத் திரும்பத் திரும்ப ஆட்டிக்கொண்டே இருந்தால் டிராக்கிங் அதையும் மண் என்று எண்ணிக் கழித்துவிடும். சிக்னல் கிடைத்ததும் டிராக்கிங்கை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

பி.ஐ. கருவிகளில் கிரவுண்ட் பேலன்ஸுக்கு ஒரு விலை உண்டு. ஆரம்பத்தில் எடுத்த அளவையும் கொஞ்சம் பிந்தி எடுத்த அளவையும் தகுந்த விகிதத்தில் கழித்துத்தான் மண்ணை நீக்குகிறார்கள். ஒரு தங்கக்கட்டியின் சிக்னல் அடங்கும் வேகம் தற்செயலாக அந்த விகிதத்தோடு பொருந்திவிட்டால் அதுவும் சேர்ந்து கழிந்துபோகும். தரைக்கு அருகிலேயே கிடக்கும் நல்ல கட்டியைக்கூடக் கருவி தாண்டிப் போவது இதனால்தான். ஜி.பி.எக்ஸ் கருவிகளில் நார்மல், என்ஹான்ஸ், ஃபைன் கோல்ட், சென்சிட்டிவ் எக்ஸ்ட்ரா என்று பல டைமிங், அதாவது எப்போது எப்படி அளவெடுப்பது என்ற அமைப்புகள், வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு டைமிங்கில் தவறியது இன்னொன்றில் பேசும். தங்கம் வந்த ஒரு திட்டை வேறு டைமிங்கில் மறுபடி தேடாமல் விட்டுப் போகாதீர்கள்.

படி 5: சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள்

இதை ஏற்றுக்கொள்ளத்தான் மனசு வராது. ஐயாயிரம் டாலர் கொடுத்து வாங்கியதை ஏன் பாதியில் ஓட்ட வேண்டும்?

சென்சிட்டிவிட்டியைக் கூட்டினால் தங்கத்தின் சிக்னல் மட்டும் பெரிதாகாது, மண்ணின் சிக்னலும் சேர்ந்து பெரிதாகும். கடும் மண்ணில் கருவியின் உள்ளீடே நிரம்பி வழிந்துவிடும். அந்த நிலையில் அதன்மேல் வருகிற சின்னத் துளி பதிவாகவே பதிவாகாது. சில கருவிகள் 'ஓவர்லோட்' என்று எச்சரிக்கும். சில சத்தமில்லாமல் செவிடாகிவிடும். செவிடான கருவி அமைதியாக இருப்பதால் எல்லாம் சரியாக ஓடுவதாக நினைத்து மணிக்கணக்கில் நடப்பார்கள்.

ஒரு எளிய வழி. 12 போர் துப்பாக்கியின் சின்ன ஈயக் குண்டையோ தூண்டில் ஈயத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஈயம் ஏறக்குறைய அதே அளவுத் தங்கம்போலவே பேசும், தொலைந்தாலும் நஷ்டமில்லை. ஒரு மெல்லிய கம்பால் சாய்வாகத் துளை போட்டு, மேலே உள்ள மண்ணைக் கலைக்காமல் 8–10 செ.மீ. ஆழத்தில் தள்ளுங்கள். குழி தோண்டிப் புதைத்தால் மண் கலைந்து சோதனை கெட்டுவிடும். முதலில் சென்சிட்டிவிட்டியை அதிகபட்சத்தில் வைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு எண்ணாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடும் மண்ணில் ஈயத்தின் குரல் ஒரு கட்டம்வரை தெளிவாகிக்கொண்டே போகும், அதற்குப் பிறகு மங்கும். அந்தத் தெளிவான இடம்தான் உங்கள் அன்றைய எண். கையேட்டில் அதைத் தேடிப் பயனில்லை. மண்தான் முடிவு செய்கிறது.

த்ரெஷோல்ட், அதாவது பின்னணியில் ஓடும் மெல்லிய ரீங்காரம், உங்கள் காதுக்குக் கேட்கும் அளவில் இருக்கட்டும். ஆழத்தில் உள்ள தங்கம் பல நேரம் 'பீப்' என்று வராது. ரீங்காரத்தில் சின்ன அலை எழும், அவ்வளவுதான். ரீங்காரத்தை அணைத்துவிட்டால் அந்த அலை எங்கே எழும்? ஹெட்ஃபோன் இல்லாமல் போகாதீர்கள்.

படி 6: காயில்

பெரிய காயில் ஆழமாகப் பார்க்கும் என்பது உண்மைதான். கூடவே அதிக மண்ணையும் பார்க்கும். சாதுவான மண்ணில் 15 அங்குலக் காயில் ராஜா. பக்‌ஷாட் சரளையில் 8 அங்குலக் காயில் அதைத் தோற்கடித்துவிடும். காயிலுக்குள் சுற்றியிருக்கும் விதமும் முக்கியம். டபுள்-டி காயிலில் அனுப்பும் சுருளும் வாங்கும் சுருளும் ஒரு குறுகிய பட்டையில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் மண் தொல்லை குறைவு. பி.ஐ. கருவிகளில் போடும் மோனோ காயில் (ஒரே சுருளே அனுப்பவும் வாங்கவும் செய்வது) ஆழத்திலும் சின்னத் தங்கத்திலும் முன்னே நிற்கும், ஆனால் மண்ணைக் கண்டால் கூச்சல் போடும். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், கடும் மண்ணுக்கு நான் சின்ன டபுள்-டியைத்தான் சொல்வேன்.

படி 7: ஆட்டும் விதம்

மெதுவாக. நீங்கள் மெதுவாக என்று நினைக்கும் வேகத்திலும் பாதியில். காயில் தரையிலிருந்து ஒரே உயரத்தில் போக வேண்டும். ஆட்டத்தின் இரு முனையிலும் மேலே எழும்பும் பழக்கம் இருந்தால் ஒவ்வொரு முனையிலும் பொய்ச் சத்தம் வரும். சாதாரண மண்ணில் காயிலைத் தரையோடு ஒட்டி ஓட்டலாம். கடும் மண்ணில் 2–3 செ.மீ. தூக்கிப் பாருங்கள். ஆழத்தில் கொஞ்சம் போனாலும், இரைச்சல் அதைவிட அதிகம் குறைந்தால் லாபம் உங்களுக்குத்தான். காயிலைக் கல்லிலும் வேரிலும் மோத விடாதீர்கள்.

ஹாட் ராக்: கல்லா, தங்கமா?

சுற்றியுள்ள மண்ணைவிட வேறு விதமாகக் கனிமம் ஏறிய கல்தான் ஹாட் ராக். கருவி மண்ணுக்குப் பேலன்ஸ் ஆகியிருக்கும். கல் அந்தக் கணக்கில் அடங்காது. கடும் மண்ணில் பேசாமல் கிடக்கும் அதே இரும்புக்கல்லைச் சாதுவான வெள்ளைக் களிமண்ணில் போட்டால் உலோகம்போல ஒலிக்கும். கல்லும் மண்ணும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதுதான் விஷயம்.

இரண்டு ஜாதி உண்டு. ஒன்று நேராகவே தங்கம்போல ஒலிப்பது. மேக்கமைட் ஏறிய இரும்புக்கல், சூட்டில் வெந்த கல், பழைய செங்கல் துண்டு எல்லாம் இதில் சேரும். இன்னொன்று 'கோல்ட் ராக்' (cold rock, தங்கம் என்ற கோல்ட் அல்ல) என்று சொல்லப்படும் எதிர்மறைக் கல். மேக்னடைட் நிறைந்தது. வி.எல்.எஃப் காயில் அதன்மேல் போகும்போது ரீங்காரம் அமுங்கும், தாண்டியதும் 'பொய்ங்' என்று ஒரு சத்தம் எழும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். இடமிருந்து வலம் போனால் சத்தம் கல்லின் வலப்புறம் கேட்கும். திரும்பி வந்தால் இடப்புறம் கேட்கும். உலோகமாக இருந்தால் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரே புள்ளியில்தான் ஒலிக்கும்.

முதல் ஜாதிக்கு இவ்வளவு சுலபமான தேர்வு இல்லை. பல சோதனைகளைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

காயிலை மெல்ல உயர்த்துங்கள். மேலே கிடக்கும் கல்லின் சத்தம் சில செ.மீ.க்குள் காணாமல் போய்விடும். ஆழத்தில் உள்ள உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மங்கும். அடுத்து, 90 டிகிரி திரும்பி நின்று குறுக்காக ஆட்டுங்கள். மண் இரைச்சல் ஒரு திசையில் கேட்டு மறு திசையில் கலைந்துவிடும். தங்கம் பெரும்பாலும் இரண்டிலும் நிற்கும்.

பிறகு காலணியால் மேல்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டித் தள்ளுங்கள். சத்தம் மறைந்தாலோ மண்ணோடு நகர்ந்தாலோ மேலே கிடந்த சரளையோ கல்லோதான் காரணம். சத்தம் கூடினால் மண்வெட்டியை எடுங்கள். ஆனால் தோண்டத் தொடங்கிய பிறகு குழியே ஒரு சிக்கல் என்பதை மறக்காதீர்கள். மண் போன இடம் வெற்றிடம். அதன் விளிம்பைத் தாண்டும்போது கருவி பொய் சொல்லும். மேல்மண் போய்க் களிமண் தெரிந்ததும் மறுபடி கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள்.

கல் கைக்கு வந்ததும் அதைத் தரையிலிருந்து தள்ளிக் காயிலுக்கு முன் காட்டிப் பாருங்கள். காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் கிடக்கும் அதே மாதிரிக் கற்கள் நாலைந்தையும் காட்டுங்கள். எல்லாம் ஒரே மாதிரி ஒலித்தால் அது ஹாட் ராக் குடும்பம். ஒன்று மட்டும் தனித்து ஒலித்தால் எறியாதீர்கள். விக்டோரியாவில் இரும்புக்கல்லோடு ஒட்டிய தங்கமும் வருவதுண்டு. துரு பிடித்த கல் என்று தூக்கிப் போட்டது தங்கமாகவும் இருந்திருக்கலாம்.

ஹாட் ராக் தொல்லை தாங்க முடியாவிட்டால் அந்தக் கல்லையே வைத்துக் கிரவுண்ட் பேலன்ஸ் செய்து அதை மௌனமாக்கலாம். மண் லேசாகப் பேசத் தொடங்கும், சின்னத் தங்கம் கொஞ்சம் கைநழுவும். கற்கள் நெருக்கமாகக் கிடக்கும் இடத்தில் மட்டும் இதைச் செய்து, தாண்டியதும் பழைய நிலைக்கு வந்துவிடுங்கள்.

டிஸ்கிரிமினேஷன் என்ற பொறி

இரும்பை ஒதுக்கி மற்றதை மட்டும் காட்டும் வசதி நாணயம் தேடுபவர்களுக்கு வரப்பிரசாதம். கனிம மண்ணில் இதை நம்பினால் தங்கத்தை விட்டுவிட்டு வருவீர்கள். ஆழத்தில் உள்ள தங்கத்தின் மெல்லிய சிக்னலோடு மண்ணின் பெரிய சிக்னல் கலந்து வருவதால், கட்டம் இரும்பின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. திரையில் 'இரும்பு' என்று எழுதிக் காட்டும். மேலோட்டமாகக் கிடக்கும்போது அதே கட்டி சரியான எண்ணைக் காட்டியிருக்கும். எனவே தங்க வயலில் சந்தேகமானதை எல்லாம் தோண்ட வேண்டும். ஆணி வரும், தகரம் வரும், துப்பாக்கி ரவை வரும். பழைய குடிசை இருந்த இடத்தில் ஆணி மூட்டையே கிடந்தால் வேண்டுமானால் டிஸ்கிரிமினேஷனைப் போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

உப்பும் மழையும்

உப்பு மண்ணுக்குத் தனி வைத்தியம். ஈர உப்பின் சிக்னல், சின்னத் தங்கத்தின் சிக்னலுக்கு மிக அருகில் வந்துவிடுவதால், ஒன்றைக் கழித்தால் மற்றதும் கொஞ்சம் போகும். பி.ஐ. கருவியில் உப்புக்கான டைமிங்கைப் போடுங்கள். வி.எல்.எஃப் என்றால் பல அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் ஓடுவது நல்லது. ஒற்றை அதிர்வெண் கருவியால் உப்பு, கருமணல் இரண்டையும் ஒரே சமயத்தில் கழிக்க முடியாது. கருமணல் படிந்த ஈரக் கடற்கரையில் அதை வைத்துக்கொண்டு போராடாமல், அலை தொடாத காய்ந்த மணலுக்கு ஏறிவிடுங்கள். உப்பு ஏரியிலும் அதே கதைதான்: நன்றாகக் காய்ந்த காலத்தில் போனால் தொல்லை பாதி குறையும்.

இரும்புக் கனிமத்துக்கு மழையால் அவ்வளவு மாற்றம் இல்லை. காய்ந்திருந்தாலும் நனைந்திருந்தாலும் மேக்கமைட் மேக்கமைட்தான். ஆனால் உப்பு கலந்த களிமண் நனைந்தால் மண்ணின் குணமே மாறும். நேற்று அமைதியாக இருந்த இடம் இன்று சலசலக்கும். மழைக்கு மறுநாள் போனால் பழைய பேலன்ஸ் எண்ணை நம்பாமல், அதே ஈயக் குண்டைப் புதைத்து மறுபடி முதலில் இருந்து சோதியுங்கள். சோதனை முடிந்ததும் குண்டை எடுத்துக்கொண்டு போக மறக்காதீர்கள், பின்னால் வருபவர் அதைத் தங்கமென்று நினைத்துத் தோண்டிக்கொண்டிருப்பார்.